உங்கள் பாடம் எதை விட்டுவிடுகிறது?

(கிளிநொச்சி அறிவியல் நகரில் பல்கலைக்கழக மாணவர் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வகுப்பில் ஒரு விரிவுரையாளர் தன் பாடத்தைக் கொஞ்சம் தாண்டிப் பேசத் தொடங்கினால், பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: “சேர், இது சோதினைக்கு வருமோ?” கேட்கிற பிள்ளையில் பிழை இல்லை. அப்படிக் கேட்கத்தான் அந்தப் பிள்ளையைப் பழக்கியிருக்கிறது நமது கல்விமுறை. சாதாரண தரத்தில் ஒன்பது பாடம் படிக்கிறீர்கள். பெறுபேறு வந்த கையோடு, பதினாறு வயதில், மட்ஸா, பயோவா, கொமர்ஸா, ஆர்ட்ஸா, ரெக்னோலொஜியா என்று கேட்கிறார்கள். ஒன்பது மூன்றாகிறது. அந்த மூன்றின் இசட் புள்ளிதான் பல்கலைக்கழக வாசலைத் திறக்கிறது. உள்ளே வந்தபின் மூன்றும் ஒன்றாகிறது. ஆக, இவ்வளவு தூரம் உங்களைக் கொண்டுவந்து சேர்த்தது குறுகிப் படித்த படிப்புத்தான்.

அதுவும் எந்த மண்ணிலிருந்து? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் கல்வி வசதி குறைந்தவை என்று பல்கலைக்கழக அனுமதியில் தனி ஒதுக்கீடு பெறுபவை. உங்களில் சிலருக்கு 2009 இல் முதலாம் வகுப்பு தொடங்கியதே இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமில்தான். அப்படி வந்த ஒரு பிள்ளையிடம், “உன் பாடத்தை விட்டு மற்றப் பாடங்களையும் கொஞ்சம் பார்” என்று சொல்வதற்குத் தகுந்த காரணம் வேண்டும். “பொது அறிவு வளரும்”, “மனம் விரியும்” என்பவை போதாது. அதைவிடக் கனமான ஒரு காரணம் எனக்குத் தெரிகிறது. அதைச் சொல்லவே வந்தேன்.

ஒவ்வொரு பாடமும் உலகத்திலிருந்து சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விட்டுவிடுகிறது. அப்படி விடாமல் எந்தப் பாடமும் உருவாக முடியாது. நீரியல் படிக்கிறவர் குளத்தைக் கன மீற்றரில் பார்க்கிறார். அந்தக் குளக்கட்டில் யார் நின்று எதற்காகச் சண்டை பிடித்தார்கள் என்பது அவருடைய சமன்பாட்டில் வராது; வந்தால் கணக்கு ஓடாது. அதுதான் அந்தப் பாடத்தின் பலம். ஆனால், எதை விட்டோம் என்பதை அந்தப் பாடமே சொல்லித் தராது. அதைச் சொல்லக்கூடியது பக்கத்துப் பாடந்தான். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் இதற்கான சாட்சிகள்.

முதற் சாட்சி தூரத்தில் இல்லை. இங்கே கிளிநொச்சியில் உள்ள இரணைமடுக் குளம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீரைச் சுண்ணக்கல் வாங்கி வைத்திருக்கிறது. கிணறு அதைத் திருப்பித் தருகிறது. தோட்டங்களின் உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் அந்தக் கல்லுக்குள் இறங்குவதால், நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடிக்கொண்டு போகிறது. மக்களுக்குக் குழாய் நீர் வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. போருக்குப் பின் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு ஒரு திட்டம் வந்தது. இரணைமடுக் குளத்தின் கட்டை உயர்த்திக் கூடுதல் நீரைத் தேக்கி, அதில் ஒரு பங்கைச் சுத்திகரித்துக் குழாய் வழியே குடாநாட்டுக்கு அனுப்புவது என்பது அதன் உள்ளடக்கம். தாளில் பார்த்தால் நேரான கணக்கு. மாரியில் வான் பாய்ந்து கடலுக்குப் போகிற நீரை மறித்து வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் காணும்.

குளத்தின் கீழ் விதைக்கிற கமக்காரர் அதை ஏற்கவில்லை. “எங்களுக்கே சிறுபோகத்துக்குத் தண்ணி காணாது” என்றார்கள். கணக்குப் பார்த்தவர்கள் சராசரி மழையைக் காட்டினார்கள். ஆனால் சராசரி வருடத்தில் எவரும் வயல் விதைப்பதில்லை. மழை பெய்த வருடத்திலோ பொய்த்த வருடத்திலோதான் விதைக்கிறார்கள். மழை பொய்த்த வருடத்தில் குழாய்க்குத் தண்ணீரா, வாய்க்காலுக்குத் தண்ணீரா? அதை யார் தீர்மானிப்பது? அந்தத் தீர்மானத்தை யார் நம்புவது? கமக்காரர் கேட்டது இந்தக் கேள்வியை. இதற்கு நீரியல் பாடப்புத்தகத்தில் விடை இல்லை.

விடை கிடைக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நடக்கிற சிறுபோகக் கூட்டம். காலபோகத்தில் குளத்தின் கீழ் உள்ள வயல் முழுவதும் விதைக்கலாம். சிறுபோகத்தில் குளத்தில் நிற்கிற நீரைப் பார்த்து, இத்தனை ஏக்கர்தான் என்று தீர்மானிக்க வேண்டும். அந்த ஏக்கரை யாருக்கு, எந்த வாய்க்காலுக்கு, எந்த முறையில் பங்கிடுவது? அங்கே அளவுகோல் நீர்ப்பாசனப் பொறியியலாளரிடம் இருக்கும். சட்டம் அதிகாரியிடம் இருக்கும். போன முறை யாருக்குப் பங்கு கிடைக்கவில்லை என்ற ஞாபகம் கமக்காரர் அமைப்புகளிடம் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு வராத குரல்களும் உண்டு. 1958, 1977 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் பலர் குளத்துக்குக் கிட்ட இருந்தும் வாய்க்கால் நீரில் பங்கில்லாதவர்கள். மற்றவர்களின் வயலில் கூலிக்கு நிற்பவர்கள். அவர்களுடைய கதை எந்த நீர்ச் சமநிலை அட்டவணையிலும் இல்லை. அது வரலாற்றில் இருக்கிறது. சமூகவியலில், காணிச் சட்டத்தில் இருக்கிறது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். குடாநாட்டுக்கான நீருக்கு வேறு வழி தேட வேண்டி வந்தது. வடமராட்சி கிழக்கில் தாழையடியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் தரும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கடல்நீரை மென்சவ்வு வழியே அழுத்தித் தள்ள மின்சாரம் வேண்டும். குளத்து நீரைச் சுத்திகரிப்பதைவிட அதற்குச் செலவு கூட. யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. பொறியியலாளரின் கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். கணக்குக்குள் வராமல் போன நம்பிக்கையும் ஞாபகமும் பங்கும் சேர்ந்துதான் ஒரு பெரிய திட்டத்தின் திசையைத் திருப்பின. இவையெல்லாம் ஆர்ட்ஸ் பாடங்கள் என்று நாங்கள் பதினாறு வயதில் தள்ளிவைத்தவை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் அநியாயம் செய்தவனாவேன். ஏக்கர் அடி என்றால் என்ன என்று தெரியாமல் குளத்து நீரைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நீர் உரிமை பற்றி அழகாகப் பேசத் தெரிந்தும் குளத்தின் கொள்ளளவு தெரியாதவருடைய பேச்சு கமக்காரருக்கு ஒரு உதவியும் செய்யாது. இந்தக் குறை இரண்டு பக்கமும் இருக்கிறது.

இரண்டாவது சாட்சி வவுனியாப் பக்கம். நீரிழிவும் இல்லை, உயர் இரத்த அழுத்தமும் இல்லை. ஆனாலும் வயலில் வேலை செய்கிறவர்களின் சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்ட இந்த நோய், எல்லை தாண்டி வவுனியாவிலும் இருக்கிறது. காரணம் இதுதான் என்று இன்றுவரை அறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரசாயனவியலாளர் கிணற்று நீரின் வன்மையையும் புளோரைட்டையும் பார்க்கிறார். விவசாய விஞ்ஞானி பூச்சிநாசினியையும் களைநாசினியையும் பார்க்கிறார். வேறு சிலர், கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்காகத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதைப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருக்கிறது. சரி, காரணம் நாளைக்கே கண்டுபிடிக்கப்பட்டாலும் இன்னொரு கேள்வி மிஞ்சும்: நோயாளி ஏன் பிந்தி வருகிறார்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, வருத்தம் ஒன்றும் தெரியாத உடம்போடு ஆசுபத்திரிக்குப் போக யாருக்கு மனம் வரும்? இது மருத்துவக் கேள்வியா, பொருளாதாரக் கேள்வியா? அந்த மனிதருக்கு அது ஒரே கேள்வி.

மூன்றாவது, யானை. மின்வேலியின் தொழில்நுட்பம் பெரிய சிக்கலானதல்ல. தொழில்நுட்ப பீடத்துப் பிள்ளைகள் பகல் சாப்பாட்டுக்கு முன் விளக்கிவிடுவீர்கள். ஆனால் இந்த நாட்டில் எத்தனையோ வேலிகள் பயன் தரவில்லை. வனசீவராசிகள் திணைக்களக் காணியின் எல்லையில் வேலி போட்டார்கள்; யானை வேலியின் இரண்டு பக்கமும் நின்றது. ஊரையும் வயலையும் சுற்றிப் போட்டு ஊராரே பார்த்துக்கொண்ட வேலிகள் நன்றாக வேலை செய்தன. கம்பியில் பாய்கிற வோல்ற்றளவு இரண்டிலும் ஒன்றுதான். வேலி எங்கே போகவேண்டும், புல்லும் கொடியும் கம்பியில் படாமல் யார் வெட்டுவது என்பதில்தான் வித்தியாசம். முதலாவதைச் சொல்ல யானையின் நடமாட்டம் தெரிய வேண்டும். இரண்டாவதைச் சொல்ல ஊர் தெரிய வேண்டும். வன்னியின் பழைய ஒப்பாரியில் யானையை அடக்கிய அரியாத்தை வருகிறாள். பண்டிப்பள்ளு என்ற பாடலில் வயலை உழக்கும் பன்றி வருகிறது. காட்டு விலங்கோடு இந்த மண்ணுக்குள்ள உறவு எவ்வளவு பழையது என்று அறிய விரும்புகிற விவசாய மாணவர் நாட்டார் இலக்கியத்தின் பக்கமும் போகத்தான் வேண்டும்.

“இதெல்லாம் ஒரு ஆளால் ஏலுமா சேர்?” என்று நீங்கள் கேட்கலாம். ஏலும் என்று செய்து காட்டியவர்களில் மூவரைச் சொல்கிறேன்.

பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்தவர் ஹென்றி பார்க்கர். குளம் திருத்துவது அவருடைய உத்தியோகம். ஆனால் அவர் கல்வெட்டைப் பார்த்தார், பழைய வரலாற்று நூல்களைப் படித்தார், கிராமங்களில் கதை சேகரித்தார். 1909 இல் ‘பண்டைய இலங்கை’ என்ற ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். நமது வவுனிக்குளம் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். தொடர்ந்து கிராமியக் கதைகளை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார். பழைய குளங்களின் துருசோடு சேர்ந்து ஒரு சதுரக் கிணறு இருக்கும். சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பார்கள். குளத்து நீரின் அழுத்தத்தையும் வேகத்தையும் கட்டுப்படுத்துகிற வால்வுக் கிணறு அது என்று பார்க்கர் விளக்கினார். பொறியியல் மட்டும் தெரிந்தவருக்கு அதன் வயது தெரிந்திராது. வரலாறு மட்டும் தெரிந்தவருக்கு அதன் வேலை தெரிந்திராது. இரண்டும் ஒரே தலைக்குள் இருந்ததால் அந்தக் கல்லுக் கிணறு பேசியது.

அடுத்தவர் நம்மவர், சுவாமி விபுலாநந்தர். தமிழ்ப் பேராசிரியர், துறவி என்று உங்களுக்குத் தெரியும். அவர் விஞ்ஞானம் படித்தவர். கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்ற அதே 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் சோதினையிலும் சித்தியடைந்தார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தார். 1920 இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். சிலப்பதிகாரம் பேசுகிற யாழ்க் கருவிகள் வழக்கொழிந்து எத்தனையோ நூற்றாண்டாகிவிட்டது. உரை படித்த புலவர்களுக்கு அதிர்வெண் கணக்குத் தெரியாது. அதிர்வெண் தெரிந்தவர்களுக்கு உரை விளங்காது. இரண்டையும் அறிந்த ஒருவர் பல ஆண்டு உழைத்ததில் பிறந்தது ‘யாழ் நூல்’. 1947 இல் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் காலமானார். அவர் பௌதிகவியலைத் தமிழுக்கு அலங்காரமாகப் பூட்டவில்லை. பௌதிகவியல் இல்லாமல் அந்தத் தமிழ்க் கேள்விக்கு விடையே கிடைத்திராது.

மூன்றாமவர் பேராசிரியர் அ. துரைராஜா. மண் பொறியியலில் உலகம் அறிந்த பெயர். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து களிமண்ணின் நெகிழ்வு பற்றி அவர் எழுதி 1963 இல் வெளிவந்த கட்டுரை இன்றும் அந்தத் துறையில் எடுத்துக் காட்டப்படுகிறது. அப்படிப்பட்டவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தபோது, 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டது விவசாய பீடம். பொறியியல் பீடம் வரப் பிறகும் இருபது ஆண்டுக்கு மேல் எடுத்தது. மண் தாங்குமா, வழுக்குமா என்று கேட்கப் பழகிய ஒரு பொறியியலாளரின் காலத்தில், வன்னி மண்ணில் முதலில் எழுந்தது மண் விளையுமா என்று கேட்கிற பீடம். அதன் பிள்ளைகள் இந்த மண்டபத்தில் பாதி இடத்தில் இருக்கிறீர்கள்.

இனி உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். “அகல உழுவதிலும் ஆழ உழுவதே மேல்” என்று எங்கள் ஆச்சிமார் சொன்னார்களே என்று கேட்பீர்கள். மெத்தச் சரி. நுனிப்புல் மேயச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு பாடத்தில் ஆழம் இல்லாதவரைப் பல பாடம் காப்பாற்றாது. பார்க்கரும் விபுலாநந்தரும் துரைராஜாவும் முதலில் தம் பாடத்தில் ஊன்றி நின்றவர்கள். ஆனால் ஆழ உழுகிற கமக்காரன் வானத்தையும் பார்த்துத்தான் ஏர் பூட்டுகிறான். அதை அகல உழுதல் என்று யாரும் சொல்வதில்லை.

“நேரம் இல்லை” என்பது இரண்டாவது நியாயம். குப்பி வகுப்பு, ஆய்வுகூட அறிக்கை, கிழமைக்கு இரண்டு ஒப்படை. ஜி.பி.ஏ. இல் சேராத பாடத்துக்கு வரவுக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று தோன்றும். வீட்டிலே அம்மா காத்திருக்கிறார். கெதியில் ஒரு உத்தியோகம் வேண்டும். இதை நான் லேசாக எடுக்கவில்லை. உத்தியோகத்தைப் பற்றியே பேசுவோம். நீங்கள் போய்ச் சேரும் திணைக்களத்தில் கொழும்பிலிருந்து வருகிற கோப்பு பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். கமக்காரர் கூட்டம் தமிழில் நடக்கும். திட்ட அறிக்கை ஆங்கிலத்தில் போகவேண்டும். உங்கள் பட்டம் உங்களை அந்தக் கதிரையில் இருத்தும். மூன்று மொழியும், ஒரு காணிச் சட்டமும், மனிதர் சொல்வதைக் கேட்கிற பொறுமையும் உங்களை அங்கே நிலைக்க வைக்கும். இந்த வளாகத்தில் தெற்கிலிருந்து வந்த மாணவர்களும் உங்களோடு படிக்கிறார்கள். சிங்களம் படிக்க வேறு ரியூசன் எதற்கு? அவர்களுக்கும் தமிழ் வேண்டும்.

மூன்றாவது ஒரு தடை இருக்கிறது. அது உங்கள் பிழை அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் என்ற மூன்று பீடங்கள் இங்கே. கலைப்பீடம் பரந்தனையும் ஆனையிறவையும் தாண்டித் திருநெல்வேலியில். வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானபோது பிரயோக விஞ்ஞானம், வணிகக் கல்வி, தொழில்நுட்பக் கல்வி என்று மூன்று பீடங்களோடு எழுந்தது. வரலாறும் சமூகவியலும் சட்டமும் படித்த ஒருவரைத் தேநீர்க்கடையில் தற்செயலாகச் சந்திக்கிற வாய்ப்பு வன்னி மாணவருக்குக் குறைவு. ஆகவே நீங்கள் அதைத் தேடிப் போகவேண்டும்.

தேடுவது எப்படி? பெரிய காரியம் ஒன்றும் சொல்லமாட்டேன். முதலாவது, இந்த வளவுக்குள்ளேயே இருக்கிற மற்றப் பீடத்தில் ஒரு விரிவுரைக்கு அனுமதி கேட்டுப் போய் இருங்கள். பொறியியல் பிள்ளை மண் விஞ்ஞான வகுப்புக்குப் போகட்டும். அதே மண்ணை இன்னொரு பாடம் என்ன கேள்வி கேட்கிறது என்று பார்க்கட்டும். இரண்டாவது, கைபேசியில் ‘நூலகம்’ இணைய நூலகத்தைத் திறவுங்கள். 2005 இல் தொடங்கிய அந்த முயற்சியால் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பழைய பத்திரிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு அரையாண்டுக்கு ஒன்று போதும். உங்கள் ஊரைப் பற்றிய ஒரு நூலை எடுத்துப் படியுங்கள். மூன்றாவது, உங்கள் பாடத்தில் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கும்போது, அந்தத் தலைப்பால் பாதிக்கப்படுகிற ஒருவரோடு ஒரு மணித்தியாலம் பேசுங்கள். வினாக்கொத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஜி.பி.ஏ. இல் சேராத வகுப்பில் இருக்க நேர்ந்தால், தூங்குமுன் ஒரே ஒரு கேள்வி: என் பாடம் கேட்காத எதை இந்தப் பாடம் கேட்கிறது?

இன்னும் சில வருடத்தில் உங்களில் ஒருவர் சிறுபோகக் கூட்டத்தில் அதிகாரிகளின் பக்கத்தில் இருப்பீர்கள். இன்னொருவர் வவுனியாவில் ஒரு கிராமத்துக் கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்கு எடுத்துப் போவீர்கள். அந்த இடத்தில் உங்களிடம் வரும் கேள்வி பீடம் பார்த்து வராது. “அது எங்கட பாடமில்லை” என்று சொன்னால், கேட்டவர் திரும்பிப் போய்விடுவார். அதற்குப் பிறகு உங்கள் பாடத்தில் நீங்கள் சொல்கிற சரியான பதிலையும் அவர் நம்பமாட்டார். அதனால்தான் சொல்கிறேன்: மற்றப் பாடத்தை மதிப்பது உங்கள் சொந்தப் பாடத்துக்கு நீங்கள் செய்கிற கடமை.

என் நேரம் முடிந்துவிட்டது. இனிக் கேள்வி நேரம். ஒரு நிபந்தனை மட்டும்: பொறியியல் பிள்ளைகள் பயிரைப் பற்றிக் கேளுங்கள், விவசாயப் பிள்ளைகள் இயந்திரத்தைப் பற்றிக் கேளுங்கள், தொழில்நுட்பப் பிள்ளைகள் வரலாற்றைப் பற்றிக் கேளுங்கள். எனக்குத் தெரியாததை இந்த மண்டபத்தில் இருக்கிற வேறொருவர் சொல்லுவார்.